நாகர்கோவிலில் இருந்து ஜெர்மனிக்குப் படிக்கப் போக: காகிதம், காசு, காலம், அப்புறம் கொஞ்சம் ஊர்சுற்றல்

ஜெர்மனியில் முதுகலை படிக்கக் கிளம்பும்முன் நான் சென்னைக்கு மூன்று தடவை போனேன். ஒரு தடவை போயிருந்தால் போதும். மற்ற இரண்டும் என் பெயரில் கூடுதலாக இருந்த ஓர் ஆங்கில எழுத்தால் வந்தவை. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் உட்கார்ந்து, எழும்பூர் நிலையத்தில் முகம் கழுவி, அலுவலக வாசலில் போய் நின்றால் ‘இது சரியில்லையே’ என்று திருப்பி அனுப்புவார்கள். மறுபடி இரவு ரயில். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு மட்டும் வரும் சிக்கல்களைக் கொஞ்சம் நீட்டியே சொல்லியிருக்கிறேன்.

எந்தக் காகிதமும் தனியாக வராது. ஒன்று வந்தால்தான் அடுத்ததைக் கேட்க முடியும். அதனால் அக்டோபரில் வகுப்பு என்றால் அதற்கு முந்தின ஆண்டு ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுங்கள்.

1. முதல் வேலை: பெயர்

பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ், கல்லூரி மதிப்பெண் பட்டியல்கள், பட்டம், பாஸ்போர்ட், ஆதார் எல்லாவற்றையும் ஒரு மேசையில் பரப்பி, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். நம் ஊரில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடுவது ஒன்று. இனிஷியல் ஒரு சான்றிதழில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும். இனிஷியல் இடம் மாறினால் பெரிய சேதமில்லை. எழுத்து மாறினால் சேதம்தான்.

பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. உங்கள் பெயரைப் பெயர்க் கட்டத்திலும் அப்பாவின் முழுப்பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்திலும் போடுங்கள். குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். காலியாக விட்ட என் நண்பன் விமான டிக்கெட்டில் தொடங்கி அங்கே வங்கிக் கணக்கு வரை ஒவ்வோர் இடத்திலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். தட்கல் என்றால் மேலும் 2,000.

பாஸ்போர்ட் ஏற்கெனவே இருந்து எழுத்து வேறுபட்டால், எதைத் திருத்துவது எளிதோ அதைத் திருத்துங்கள். பெரும்பாலும் அது பாஸ்போர்ட்தான். நான் பட்டச் சான்றிதழைத் திருத்தப் போனேன். அதற்குத்தான் இரண்டு ரயில் பயணமும் நான்கு மாதமும்.

2. மதிப்பெண் பட்டியல்களும் ஏபிஎஸ் சான்றிதழும்

இந்தியாவில் படித்தவர்கள் ஜெர்மனி மாணவர் விசாவுக்கு ஏபிஎஸ் என்ற சான்றிதழ் வாங்கியாக வேண்டும். 2022 நவம்பர் 1 முதல் இது கட்டாயம். உங்கள் சான்றிதழ்கள் உண்மையானவைதானா என்று டெல்லியில் சரிபார்த்துத் தருவார்கள். கட்டணம் 18,000 ரூபாய், திரும்பக் கிடைக்காது. கூட்டமில்லாத நாளில் மூன்று நான்கு வாரத்தில் வந்துவிடும். விண்ணப்பங்கள் குவியும் மாதங்களில் இழுக்கும். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தோடேயே இதைக் கேட்கின்றன. அதனால் விசா சமயத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம்.

இதற்கு எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியலும் கையில் இருக்க வேண்டும். பொறியியல்காரர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம். கலை, அறிவியல் படித்தவர்களில் பெரும்பாலோருக்கு அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். பேருந்தில் காலையில் போய்விட்டு மாலையில் திரும்பலாம், அவர்களுக்கு அந்தச் சௌகரியம் உண்டு. போகும்போது ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலுக்கு ஒன்றுக்கு மூன்று பிரதியாகக் கேட்டு வாங்குங்கள். கல்லூரி முதல்வரிடம் ‘ஆங்கில வழியில் படித்தவர்’ என்ற கடிதமும், பாடத்திட்டத்தின் நகலும் அதே வாரத்தில் வாங்கிவிடுங்கள். கல்லூரி முடித்து ஓராண்டு கழித்துப் போனால் நம்மை அடையாளம் தெரிந்த ஆள் அங்கே இருக்க மாட்டார்.

3. எங்கே விண்ணப்பிப்பது

அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது, செமஸ்டருக்கு ஒரு பங்களிப்புத் தொகை மட்டும்தான். விலக்குகளும் உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலச் செமஸ்டரில் (அக்டோபரில் தொடங்குவது) இருந்து கட்டணம் வாங்குகிறது; முதுகலைக்குச் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ.

நம் மதிப்பெண்ணை அவர்கள் வேறு அளவுகோலில் பார்ப்பார்கள். 1 என்றால் மிகச் சிறப்பு, 4 என்றால் தேறியது. கணக்கு இதுதான்: உச்ச மதிப்பெண்ணில் இருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். அதை, உச்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். 10-க்கு 8 எடுத்து, தேர்ச்சி மதிப்பெண் 5 என்றால் 2.2 வரும். பல முதுகலைப் படிப்புகள் 2.5-க்குள் கேட்கும். விண்ணப்பிக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் வீண் விண்ணப்பம் குறையும்.

நிறைய பல்கலைக்கழகங்கள், விண்ணப்பங்களைப் பொதுவாக வாங்கிச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் என்ற அமைப்பின் வழியாக விண்ணப்பம் வாங்குகின்றன. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. நான் ஐந்து போட்டேன்: 195 யூரோ. குளிர்காலச் செமஸ்டருக்குப் பொதுவான கடைசி நாள் ஜூலை 15 என்பார்கள். அதை நம்பி இருக்காதீர்கள். ஜூலையில் விண்ணப்பித்தால் அக்டோபருக்குள் விசா வருவது கஷ்டம். நல்ல படிப்புகள் மார்ச், ஏப்ரலிலேயே மூடிவிடும்.

ஏஜென்சி பற்றி ஒரு வார்த்தை. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் தெருவுக்கு ஒரு பலகை தொங்குகிறது. இலவச ஆலோசனை என்று சொல்லி, ஆண்டுக்குப் பத்தாயிரம் யூரோவுக்கு மேல் வாங்கும் தனியார் கல்லூரியின் பெயரைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். அங்கே சேர்த்துவிட்டால் அவர்களுக்குக் கமிஷன், அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டால் ஒன்றும் இல்லை. ‘விசா நூறு சதவீதம் உறுதி’ என்று யாராவது சொன்னால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். விசா கொடுப்பது அவர்கள் இல்லை. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடியின் தளத்தில் படிப்புகளை நீங்களே தேடலாம், காசு கிடையாது.

4. மொழி

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்குக் கட்டணம் 18,000 ரூபாயை ஒட்டி வரும். ஆங்கிலத்தில் நடக்கும் படிப்பானாலும் ஜெர்மன் மொழியின் தொடக்க நிலையான ஏ1, முடிந்தால் அடுத்த நிலையான ஏ2 வரை படித்துவிட்டுப் போங்கள். ஜெர்மன் சொல்லித்தரும் கோத்தே மையம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது, சென்னையில் கோத்தே நிறுவனம் இருக்கிறது. ஜெர்மனிக்குப் போய்ப் படித்துக்கொள்ளலாம் என்று நினைத்த நான் பகுதிநேர வேலைக்கு ஆறு மாதம் அலைந்தேன்.

5. பணம்

இங்கேதான் பலருக்கும் மூச்சு முட்டும். முதல் ஓராண்டுச் செலவுக்கான பணத்தைக் காட்டியாக வேண்டும். பெரும்பாலோர் செய்வது பிளாக்டு அக்கவுண்ட், அதாவது மொத்தமாக எடுக்க முடியாதபடி முடக்கி வைக்கும் கணக்கு. இப்போதைய தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ. அங்கே போனபிறகு மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும். யூரோ 100 ரூபாய்க்கு மேல் நிற்பதால் 12 லட்சத்துக்குக் குறையாமல் கையில் வேண்டும்.

பணம் அனுப்பும்போது மூன்று விஷயத்தைக் கவனியுங்கள்.

முதலாவது, கிளை. வீட்டுப் பக்கத்துக் கிளையில் அந்நியச் செலாவணி பார்க்க மாட்டார்கள். ‘நாளைக்கு வாங்க’ என்றே ஒரு வாரம் போகும். எந்தக் கிளை பார்க்கும் என்று முதலிலேயே கேட்டு அங்கே போங்கள்.

இரண்டாவது, இடைவழியில் பிடிக்கும் கட்டணம். நான் சரியாக 11,904 அனுப்பினேன். நடுவில் இருந்த வங்கி ஒரு தொகையை எடுத்துக்கொண்டது, கணக்கில் குறைவாக விழுந்தது, உறுதிச் சான்று வரவில்லை. மீண்டும் ஒரு சின்னத் தொகை அனுப்ப, அதற்கும் முழுக் கட்டணம். எல்லாக் கட்டணத்தையும் அனுப்புகிறவரே ஏற்பதாகப் படிவத்தில் குறியுங்கள், அதோடு ஒரு நூறு யூரோ கூடுதலாக அனுப்புங்கள். அது உங்கள் பணம்தான், எங்கேயும் போய்விடாது.

மூன்றாவது, டிசிஎஸ், அதாவது பணம் அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி. ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் அனுப்பினால், மேற்பட்ட தொகைக்கு வரி பிடிப்பார்கள். வங்கிக் கல்விக் கடனில் இருந்து போகும் பணத்துக்குக் கிடையாது. பிடித்தது அனுப்பியவரின் பான் எண்ணில் ஏறும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது சரிக்கட்டலாம். அப்பா இதுவரை தாக்கல் செய்ததே இல்லை என்றால் அந்த ஆண்டு செய்யச் சொல்லுங்கள்.

இனி கடன். ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் தர அரசு வங்கிகளில் வழியுண்டு. அதற்கு மேல் என்றால் விளையோ (தோட்ட நிலம்) வீடோ காட்ட வேண்டும். வங்கி வக்கீல் முப்பது ஆண்டுக்கு வில்லங்கச் சான்று கேட்பார், பட்டா கேட்பார், மூலப் பிரமாணம் (மூலப் பத்திரம்) கேட்பார். நம் மாவட்டத்தின் தனிச் சிக்கல் இதில்தான் இருக்கிறது. 1956-க்கு முன் நாம் திருவிதாங்கூரோடு இருந்ததால் தாத்தா காலத்துப் பிரமாணம் பல வீடுகளில் மலையாளத்தில் இருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். எங்களுக்கு வந்த வக்கீல் மதுரைப் பக்கத்துக்காரர். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மொழிபெயர்ப்பு கேட்டார். பழைய மலையாளக் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த பத்திர எழுத்தர்கள் இப்போது குறைவு. குழித்துறைப் பக்கம் ஒரு வயசான எழுத்தரைத் தேடிப் பிடிக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் சேர்க்கைக் கடிதத்துக்காகக் காத்திருக்காமல் இன்றே பெட்டியைத் திறந்து அந்தத் தாளைப் பாருங்கள்.

பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் வாரிசுச் சான்று, சித்தப்பா, அத்தை எல்லோருடைய சம்மதம் என்று அது வேறு கதை. ஆறு மாதம் ஒதுக்குங்கள். சண்டை இருந்தால் அந்த நிலத்தை மறந்துவிடுங்கள்.

கணக்குப் பார்க்கிறவர்களுக்கு: பாஸ்போர்ட் 1,500, ஐஇஎல்டிஎஸ் 18,000, ஏபிஎஸ் 18,000, யூனி-அசிஸ்ட் சுமார் 20,000, விசா 75 யூரோ, விமான டிக்கெட் 50,000. இவையே 1,15,000 ரூபாயைத் தொடும். இந்தப் பணத்தைக் கடனில் எதிர்பார்க்காதீர்கள். இதெல்லாம் கடன் கைக்கு வருவதற்கு முன்பே செலவாகும் பணம்.

6. விசா

சேர்க்கைக் கடிதம் சொன்னதும் களியக்காவிளை மாமா, ‘திருவனந்தபுரம் பக்கத்துலதானே மக்களே, அங்கேயே குடுத்திரு’ என்றார். நடக்காது. நம் முகவரி தமிழ்நாடு, அதனால் சென்னைத் துணைத் தூதரகம்தான். கேரளத்துக்காரர்களின் விண்ணப்பம் பெங்களூருக்குப் போகும். விமானம் ஏறத் திருவனந்தபுரம் போகலாம், விசாவுக்குச் சென்னைதான்.

முதலில் தூதரகத்தின் இணையதளத்தில் விண்ணப்பமும் ஆவணங்களும் ஏற்றுங்கள். அதைப் பார்த்துச் சரி என்றபிறகுதான் நேரில் வர நாள் கிடைக்கும். பாஸ்போர்ட், சேர்க்கைக் கடிதம், ஏபிஎஸ், பிளாக்டு அக்கவுண்ட் உறுதிச் சான்று, மொழிச் சான்று, படிப்புச் சான்றிதழ்கள், ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் கடிதம், போய்ச் சேரும் நாளில் இருந்து மருத்துவக் காப்பீடு. கடிதத்தைத் தயவுசெய்து நீங்களே எழுதுங்கள். என்னோடு வரிசையில் நின்ற இருவர் ஒரே ஏஜென்சியில் எழுதி வாங்கியிருந்தார்கள். ஊர்ப் பெயர் மட்டும்தான் வேறு.

போட்டோ 35-க்கு 45 மில்லிமீட்டர். ஸ்டூடியோக்காரர், ‘தம்பி, கொஞ்சம் கலர் ஏத்தித் தாரேன்’ என்பார். வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். முகத்தை வெளுப்பாக்கிய படத்தைத் திருப்பிவிடுவார்கள். நான் சென்னையில் அவசரத்துக்கு இரட்டை விலையில் எடுத்தேன்.

நேரில் கொடுத்த நாளில் இருந்து எனக்கு ஐந்து வாரம் ஆனது. எட்டு வாரம் என்று கணக்கு வையுங்கள். விசா கையில் வரும்வரை திரும்பக் கிடைக்காத டிக்கெட் எடுக்காதீர்கள்.

7. பெட்டி

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா, பீஃப் ஊறுகாய் எல்லாம் இதில் வரும். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், விமான நிலைய வாசலில் சொன்னால் அழுகைதான். மீன் பொருட்களுக்குத் தடையில்லை, 20 கிலோ வரை விடுவார்கள். கருவாடு தாராளமாகப் போகலாம், ஆனால் பெட்டியும் சட்டையும் மணக்காமல் இருக்க நான்கு சுற்றுக் கட்ட வேண்டும். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று வேண்டும், அதனால் பொடியாக்கிக் கொண்டுபோங்கள். வாழைப்பழத்துக்கும் தேங்காய்க்கும் அந்தச் சான்று தேவையில்லை. ஒரு சீப்பு மட்டிப் பழம் என்னோடு வந்தது, மூன்றாம் நாள் கறுத்துவிட்டது.

மரச்சீனிக் கிழங்கு அங்கே உறையவைத்த பாக்கெட்டில் கிடைக்கும், ஈழத்தமிழர் கடைகளில் சிவப்பரிசியும் உண்டு. அரிசி சுமக்காதீர்கள். குளிர்கோட்டு இங்கே வாங்குவதும் வீண். மூன்று மாதத் தேவைக்கான மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மாதச் செலவுக்கு 800 முதல் 1,000 யூரோ கையில் வேண்டும், பிளாக்டு அக்கவுண்ட் பணம் உடனே திறக்காது.

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு நாகர்கோவிலில் இருந்து எழுபது கிலோமீட்டர்தான். ஆனால் மார்த்தாண்டத்துக்கும் பாலராமபுரத்துக்கும் நடுவே எங்கே மாட்டுவீர்கள் என்று சொல்ல முடியாது. மூன்று மணி நேரம் சாலைக்கே ஒதுக்குங்கள்.

8. முதல் இரண்டு வாரம்

சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே மாணவர் விடுதிக்குப் பதிவு செய்யுங்கள், காத்திருப்பு மாதக்கணக்கில் போகும். வெளியே அறை தேடுகிறவர்கள், அறையைப் பார்க்கும் முன் முன்பணம் அனுப்பாதீர்கள். ‘வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்’ என்பவர் திருடன். முன்பணம் சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் போகக் கூடாது.

குடியேறி இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியிருப்பு உறுதிப் படிவம் இல்லாமல் அது நடக்காது, அதனால் அதைத் தர மறுக்கும் அறையை எடுக்கவே எடுக்காதீர்கள்.

தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அங்கே கதவு எண்ணோ மாடியோ பார்த்துத் தபால் வராது, பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் வரும். வரி எண், காப்பீட்டு அட்டை, வங்கியின் ரகசிய எண் எல்லாம் தபாலில்தான் வரும். என் பெயர் ஒட்டாததால் மூன்றும் திரும்பிப் போயின, வங்கிக் கணக்கு ஒரு மாதம் தள்ளிப்போனது.

மாதச் செலவு என்னுடையது, யூரோவில்: விடுதி வாடகை 330, மருத்துவக் காப்பீடு 140-க்கு மேல், சாப்பாடு 200, போன் 10. வானொலிக் கட்டணம் என்று வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ வரும், வானொலியே இல்லாவிட்டாலும். ஒரே வீட்டைப் பகிர்ந்தால் ஒருவர் கட்டினால் போதும். ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம். 2026 ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. ஜிம்மோ போனோ, எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடும் முன் எப்போது ரத்து செய்ய வேண்டும் என்று பாருங்கள். விட்டுவிட்டால் தானாகவே நீண்டுகொண்டு போகும்.

9. ஊர்சுற்றல்

சரி, இனி நல்ல பகுதி. பல பல்கலைக்கழகங்களின் செமஸ்டர் தொகையிலேயே நாடு முழுக்கச் செல்லும் பயணச்சீட்டு அடங்கும். பேருந்து, டிராம், மெதுவான ரயில்கள் எல்லாம் செல்லும். ஐசிஇ, ஐசி என்ற விரைவு ரயில்களில் செல்லாது. தெரியாமல் ஏறினால் டிக்கெட் இல்லாதவர் கணக்குதான். நகரப் போக்குவரத்தில் அதற்குக் குறைந்தது 60 யூரோ அபராதம். அந்தச் சீட்டிலேயே எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரை போய்வரலாம். எங்கள் முதல் வெளிநாட்டுச் சுற்றுலா அதுதான். டப்பாவில் புளிச்சோறு கட்டிப் போனோம்.

ஜெர்மனியின் மாணவர் விசாவோ குடியிருப்பு அட்டையோ இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனையைப் பொதுவாக விலக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள்) 180 நாளில் 90 நாள் வரை சுற்றலாம். பிரிட்டனும் அயர்லாந்தும் இதில் சேராது. சுவிட்சர்லாந்து ஷெங்கனில் உண்டு, ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, அதனால் ஒன்றியத்துக்குள் கூடுதல் கட்டணமில்லாமல் கிடைக்கும் ரோமிங்கை அங்கே எதிர்பார்க்க முடியாது. அங்கே போனில் டேட்டாவை அணைக்காமல் போன நண்பனுக்கு வந்த பில் அவன் பயணச்செலவைவிட அதிகம்.

பாஸ்போர்ட்டும் அட்டையும் அசல் கையில் இருக்க வேண்டும். ஷெங்கனில் எல்லையே இல்லை என்பது பேச்சுக்குத்தான். 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை நடத்துகிறது. பிராகாவில் இருந்து இரவுப் பேருந்தில் திரும்பும்போது எங்களில் ஒருவனிடம் போனில் எடுத்த படம் மட்டும்தான் இருந்தது. போலீஸ் அவனை இறக்கியது, பேருந்து கிளம்பியது. மறுநாள் மதியம்தான் வந்து சேர்ந்தான்.

மலிவு விமானங்களில் பையின் அளவை விரற்கடை வரை பார்ப்பார்கள். நம்மைப் போன்றவர்கள் சில நிறுவனங்களில் உள்ளே போகும் முன் கவுண்டரில் விசாவைக் காட்ட வேண்டும். இத்தாலியின் உள்ளூர் ரயிலில் காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள்.

பாரிஸ் போகிறவர்களுக்கு: 26 வயது நிரம்பாமல், ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் குடியிருப்பவராக இருந்தால் லூவ்ர் அருங்காட்சியகத்தில் கட்டணம் இல்லை. கேட்பது குடியுரிமை இல்லை, குடியிருப்பு. அட்டையைக் காட்டுங்கள். எனக்கு இது தெரியவந்தபோது 27.

10. ஊருக்கு வருவதற்கு முன்

விசா சில மாதத்துக்குத்தான் இருக்கும், அது முடியும் முன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் சுமார் 100 யூரோ. நாள் கிடைக்கவே பல ஊர்களில் இரண்டு மூன்று மாதமாகும், போய்ச் சேர்ந்த மாதமே கேட்டுவிடுங்கள். அட்டை வரும்வரை ஓர் இடைக்காலச் சான்று தருவார்கள். அதில் ஜெர்மனியின் குடியிருப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு குறிக்கப்பட்டிருந்தால் மட்டுமே நாட்டைவிட்டு வெளியே போய்த் திரும்பி வர முடியும். 3-ஆம் உட்பிரிவு என்றால் அட்டை வரும்வரை ஜெர்மனியிலேயே இருங்கள்.

கிறிஸ்துமஸுக்கு ஊர் வர டிக்கெட் போடும் முன் அட்டை எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். நான் டிக்கெட் போட்டுவிட்டுத் தேதியைப் பார்த்தேன். ஜனவரி 4-ஆம் தேதி முடிகிறது, திரும்புவது 9-ஆம் தேதி. டிக்கெட்டை மாற்ற 180 யூரோ ஆனது, அந்த வருஷம் வீட்டில் எட்டே நாள்தான் இருந்தேன்.